நின்னா சூடேறுது, ஓடுனா எறங்குது: ரேடியேட்டர் மாத்தியே ஆகணுமா?

சிப்புட்தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். காடி 1.3 மேனுவல், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்பா ஓட்டுனது. செம்மோர் வழியா ஈப்போ வரைக்கும் போனாலும் சூட்டு மீட்டர் முள்ளு பாதிய தாண்டாது, ஆனா மத்தியானம் பிள்ளைய ஏத்த மகாத்மா காந்தி கலாசாலை முன்னால ஏர்கோன் போட்டுட்டு காத்திருந்தா போதும், கடகடன்னு ஏறி சிவப்புகிட்ட போயிருது, ஏர்கோன அடைச்சிட்டு கொஞ்ச தூரம் ஓட்டுனா தானா எறங்கிரும். ரிசர்வ் தாங்கில பொங்கி வழியுது, நானும் பைப் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கேன். ஃபேன் சுத்துது, கண்ணால பாத்தேன். பட்டறைல புது ரேடியேட்டர் போடு, கையோட டாப் ஓவர்ஹாலும் (இஞ்சின் மேல்பாகத்த கழட்டி சரிபண்றது) பண்ணிருங்குறாங்க. மாசக் கடைசில அவ்வளவு வெள்ளிக்கு எங்க போறது? வேற எதாச்சும் இருக்குமா?

செம்பனை_லோரி:
தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசு தம்பி. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு லா.

பழைய_போர்மேன்:
லோரி அண்ணே கோவிச்சுக்காதீங்க, அது தப்பு. தெர்மோஸ்டாட் 82, 88 டிகிரி மாதிரி சூட்டுல தொறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற வால்வு. அது தொறக்காம மாட்டிக்கிட்டா ஈப்போ ரோட்டுல ஓடும்போதே சூடேறியிருக்கணும், தம்பி காடி ஓடுனா நல்லாத்தானே இருக்கு. கழட்டி வீசுனா இஞ்சின் சரியா சூடே ஆகாது, பெட்ரோல் குடிக்கும், உள்ள தேய்மானமும் கூடும்.

தம்பி, எந்த சாமான மாத்தலாம்னு யோசிக்கிறதுக்கு முன்ன எப்ப சூடாகுதுன்னு பாரு. ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடானா ரேடியேட்டர் உள்ள அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் போகணும். நின்னா மட்டும் சூடு, ஓடுனா எறங்குதுன்னா காத்து பத்தல. ஓடும்போது எதிர்காத்து வேலைய செஞ்சிரும், நிக்கும்போது ஃபேன விட்டா வேற வழி கெடையாது, அதுல ஏர்கோன் சூட்ட வெளிய விடுற கண்டென்சர் வேற ரேடியேட்டருக்கு முன்னால நிக்குது. ஃபேன் சுத்துதுன்னு சொல்ற, சரி, காத்த இழுக்குதா? ஏர்கோன் போட்டு ஃபேன் ஓடும்போது முன்பக்கம் கண்டென்சர் மேல ஒரு பேப்பர வச்சு பாரு, பச்சக்குனு ஒட்டணும். ஃபேன் மோட்டார் எப்பவாவது மாத்துனியா?

இன்னொன்னு, தோட்டத்து செம்மண் ரோட்டுல ஓடுற காடின்னா கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மண்ணும் குப்பையும் சேந்து மெத்தை மாதிரி கெடக்கும், முன்னாலருந்து பாத்தா தெரியாது. இஞ்சின் பக்கத்துலருந்து வெளிய பாக்க மெதுவா தண்ணி அடி, ஜெட் வச்சு அடிச்சா தகடு மடங்கிரும்.

சிப்புட்தம்பி:
அண்ணே! பேப்பர் ஒட்டல, வெளிய தள்ளுது!! ஃபேன் மோட்டார் போன வருஷம் பழைய காடி சாமான் விக்கிற ஒரு ஆப்கட் கடைல வாங்கி போட்டதுதான்.

பழைய_போர்மேன்:
அப்ப தலகீழா சுத்துது. ரெண்டு வையர் உள்ள சாதா மோட்டார்தானே, மாட்டுனவங்க வையர மாத்தி குடுத்துட்டாங்க, அது இஞ்சின் சூட்ட முன்னால தள்ளிக்கிட்டு இருக்கு. மெதுவா போகும்போது இது ஃபேனே இல்லாதத விட மோசம், வர்ற கொஞ்ச காத்தையும் தடுக்கும். பேட்டரி வையர கழட்டிட்டு, மோட்டார் பக்கத்துல அந்த ரெண்டையும் மாத்தி குடு. சாவி எடுத்திருந்தாலும் சில காடில ஃபேன் திடீர்னு சுத்தும், வெரல் பத்திரம். பிளேட திருப்பி மாட்டுனா சரியாயிரும்னு யாராச்சும் சொல்வாங்க, கேக்காத, அதனால காத்து பக்கம் மாறாது, வேகம்தான் கொறையும்.

கோலகங்சார்_அக்கா:
போர்மேன் அண்ணன் சொன்னதோட சேத்து, தம்பி, ரேடியேட்டர் மூடியையும் பாருங்க. அதுல 0.9, 1.1னு போட்டிருக்கும், அந்த பிரஷர் நின்னாத்தான் தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 0.9ல 118 வரைக்கும் தாங்கும். ரப்பர் வெடிச்சிருந்தா அதே நம்பர் மூடியா மாத்துங்க, பெரிய செலவில்ல. பைப் தண்ணிய எறக்கிட்டு கூலன்ட் ஊத்துங்க, வெறும் தண்ணில அலுமினியம் வேற அரிச்சிரும். சூடா இருக்கும்போது மூடிய தொறந்துறாதீங்க, ஆவி மூஞ்சில அடிக்கும். யூடியூப்ல சூடேறுனா ஹீட்டர போடுன்னு சொல்றாங்க, நம்ம ஊரு பழைய காடி பலதுல ஹீட்டரே கெடையாது, ஓரமா நிறுத்தி இஞ்சின அடைச்சிருங்க.

முள்ளு சிவப்பு வரைக்கும் போயிருக்கு, அதனால இஞ்சின் ஹெட்டுக்கு அடில இருக்குற ஹெட் கேஸ்கெட்டையும் ஒருவாட்டி சோதிங்க. காலைல இஞ்சின் ஆறி கெடக்கும்போது மூடிய தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, விடாம குமிழி வந்தாலோ மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணதும் மேல் ஹோஸ் உடனே கல்லு மாதிரி ஆனாலோதான் ஓவர்ஹால் பேச்சு. எண்ணெய் மூடி அடில கொஞ்சம் வெள்ளையா இருந்தா மட்டும் பயப்படாதீங்க, கிட்டத்துல மட்டும் ஓடுற காடிக்கு ஈரத்துல அப்படி வரும்.

சிப்புட்தம்பி:
வையர் மாத்தியாச்சு, பேப்பர் ஒட்டுது, பள்ளிக்கூடம் முன்னால ஏர்கோனோட நின்னேன், முள்ளு பாதில அசையல. நடுவுல இருந்த மண்ண கழுவுனதுல வாசலே செவந்து போச்சு. கூலன்ட் மாத்துனப்புறம் ஸ்டார்ட் பண்ணா கொஞ்சம் குமிழி வந்துச்சு அக்கா, அதான் பயமா இருக்கு.

பழைய_போர்மேன்:
அது கூலன்ட் ஊத்தும்போது உள்ள மாட்டுன காத்து. இஞ்சின் ஆறுனப்புறம் மூடிய தொறந்து வச்சு, நின்ன எடத்துலயே இஞ்சின ஓட விடு, தெர்மோஸ்டாட் தொறந்து கீழ் ஹோஸ் சூடானதும் மட்டம் எறங்கும், அத நெரப்பி மூடு. நாளைக்கு காலைல ஆறுனப்புறம் மறுபடி பாரு, அப்பவும் குமிழி நிக்கலன்னா இங்க எழுது.

செம்பனை_லோரி:
தம்பி, நான் கழட்டுன தெர்மோஸ்டாட் இன்னும் டூல் பாக்ஸ்லதான் கெடக்கு. போர்மேன், அத திரும்ப மாட்டலாமா, புதுசு வாங்கணுமா?

பழைய_போர்மேன்:
சுடுதண்ணில போட்டு கொதிக்க வைங்க அண்ணே, தொறந்தா மாட்டுங்க. தெர்மோஸ்டாட் கேஸ்கெட் மட்டும் புதுசு.