மெராப்பியின் இரவு லாவாவைக் குடும்பத்தோடு பார்க்கப் போகிறோம்: எப்படிக் கண்காணிப்பது, எங்கே நிற்பது?

புக்கிட்பாத்தோக்_வாசி
வணக்கம். பள்ளி விடுமுறையில் ஜோக்ஜகார்த்தா போய், மெராப்பி எரிமலையில் இரவில் லாவா சிவந்து விழுவதைத் தூரத்திலிருந்து பார்க்க ஆசை. ஜூனா டிசம்பரா என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மாவும் வருகிறார், மலை ஏற முடியாது. மகனுக்கு லேசான ஆஸ்துமா. மலையின் நிலவரத்தை இங்கிருந்தே தினமும் பார்ப்பது எப்படி? எந்தப் பக்கம் நின்றால் தெரியும்?

சாம்பல்மேகம்
முதலில் பெயர்க் குழப்பம். செயலியில் தேடும்போது மராப்பி, மெராப்பி என்று இரண்டு வரும். மராப்பி மேற்குச் சுமத்ராவில், சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 420 கி.மீ. நீங்கள் போகும் மெராப்பி ஜாவாவில், 1,200 கி.மீ.க்குச் சற்று மேல். ஒன்றின் அறிக்கையை மற்றதன் அறிக்கை என்று பகிர்வது வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி நடக்கிறது.

பார்க்க வேண்டியது இந்தோனேசிய எரிமலை மையத்தின் ‘மக்மா இந்தோனேசியா’ தளம். நான்கு நிலைகள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மெராப்பி 2020 நவம்பரில் மூன்றாம் நிலையான சியாகாவுக்கு உயர்த்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அதிலேயே இருந்து வருகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஓர் அறிக்கை வரும். நேரமெல்லாம் மேற்கு இந்தோனேசிய நேரம், நம்மைவிட ஒரு மணி பின்னால். அதாவது நள்ளிரவு முதல் காலை 6 வரையிலான கணக்கு இங்கே காலை 7 மணிக்குப் பிறகுதான் கிடைக்கும்.

நிலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2023 டிசம்பர் 3 அன்று மராப்பி வெடித்து 24 மலையேறிகள் இறந்தபோது அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது. உச்சியிலிருந்து 3 கி.மீ.க்குள் போகாதீர்கள் என்ற பரிந்துரையும் அதே அறிக்கையில் இருந்தது. உயிரைக் காப்பது கடைசியில் வரும் அந்தப் பரிந்துரைப் பத்திதான்.

மெராப்பிக்கு அது ஒவ்வோர் ஆற்றுப்பள்ளத்துக்கும் தனித்தனியாகச் சொல்லும். உச்சியிலிருந்து வழக்கமாக வரும் எல்லைகள்: போயோங் ஆற்றில் 5 கி.மீ., பெடோக், கிராசாக், பெபெங் ஆறுகளில் 7 கி.மீ., வோரோவில் 3, கெண்டோலில் 5. சுடுமேகம் (கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாறையும் கலந்த பெருக்கு) பள்ளத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும், வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். அதனால் ஆற்றுப்பள்ளத்தில் 6 கி.மீ. தள்ளி நிற்பதும், மேட்டில் 6 கி.மீ. தள்ளி நிற்பதும் ஒன்றல்ல. கிளம்பும் நாளன்று எண்களை மறுபடி சரிபாருங்கள், மாறும்.

முக்காலி_கேமரா
ஜூனுக்கே என் ஓட்டு. டிசம்பர் அங்கே மழைக்காலம்; நாள்கணக்கில் மலை முகமே காட்டாது. மழை பெய்தால் பழைய சாம்பல் சேறாகி ஆறுகளில் பாய்ந்து வரும், அதற்கு வெடிப்பே தேவையில்லை. ஜூனிலும் காலை எட்டு ஒன்பது மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். பின்னிரவு 2 மணி முதல் விடியும்வரை நல்ல நேரம்.

அண்மை ஆண்டுகளில் லாவா பெரும்பாலும் தென்மேற்குச் சரிவில்தான் விழுகிறது. ஆகவே தெற்கில் காலியூராங், அல்லது மகெலாங் மாவட்டத்தின் ஸ்ரும்புங் பக்கம். காலியூராங்கில் பிளவாங்கான் குன்று மறைக்காத இடமா என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். அம்மாவுக்கும் காலியூராங்தான் வசதி, வண்டி விடுதி வாசல்வரை போகும். ஜீப் சுற்றுலாக்கள் கூட்டிப்போவது தென்கிழக்கில் சங்கிரிங்கான் பக்கம். 2010 வெடிப்பின் அழிவைப் பார்க்க அது சரி, தென்மேற்கில் விழும் லாவாவுக்குத் தோதான பக்கம் இல்லை. தெற்குச் சரிவில் உள்ள துர்கோ கிராமத்தில் காட்சி அருமை என்று யாராவது சொல்வார்கள். 1994 நவம்பரில் சுடுமேகம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அங்கேதான். போயோங் கரையோரம் வேண்டவே வேண்டாம்.

கேமராவுக்கு: முக்காலி, கைமுறை ஃபோகஸ், ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 15 விநாடி என்று தொடங்குங்கள். பாறைகள் உருளும் பாதை சிவப்புக் கோடுகளாகப் பதியும். கோடு வெளுத்துப்போனால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், நேரத்தைக் குறைத்தால் கோடும் குட்டையாகிவிடும். 7 கி.மீ. தொலைவில் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் சுமார் 1.2 கி.மீ. அகலத்தைப் பிடிக்கும், உச்சிக்கும் மேல்சரிவுக்கும் அது போதும். லென்ஸில் சாம்பல் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள். அது பொடித்த கண்ணாடி, பூச்சைக் கீறிவிடும். புளோவரால் ஊதுங்கள்.

சாங்கி_மூணு
விமானம் பற்றி யாரும் சொல்லவில்லையே. சாம்பலில் உள்ள கண்ணாடித்துகள் என்ஜின் சூட்டில் உருகி டர்பைன் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். 1982 ஜூனில் கோலாலம்பூரிலிருந்து பெர்த் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, மேற்கு ஜாவாவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலில் மாட்டி நான்கு என்ஜினும் நின்றுபோய், பிறகு மீண்டும் இயங்கி ஜகார்த்தாவில் இறங்கியது. அதனால்தான் வானம் தெளிவாகத் தெரிந்தாலும் விமானத்தை ரத்து செய்கிறார்கள்.

மெராப்பியை மட்டும் பார்த்தால் போதாது. 2014 பிப்ரவரியில் வெடித்தது 200 கி.மீ.க்கு அப்பால் உள்ள கெலுட் எரிமலை. மூடியதோ ஜோக்ஜகார்த்தா, சோலோ, சுரபாயா விமான நிலையங்கள். விமானங்களுக்கு எச்சரிக்கை தரும், ஆஸ்திரேலியாவின் டார்வின் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையத்தின் வரைபடத்தையும் பாருங்கள், அதில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்), நமக்கு 8 மணி கூட்டணும். பள்ளி திறக்கும் முதல்நாள் இரவு திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள் லா, இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். காப்புறுதியை டிக்கெட் போடும் அன்றே வாங்குங்கள். வெடிப்புச் செய்தி வந்த பிறகு வாங்கினால், தெரிந்த நிகழ்வு என்று இழப்பீடு மறுக்கப்படலாம்.

புக்கிட்பாத்தோக்_வாசி
மிக்க நன்றி, ஜூன்தான். மகனுக்கு என்95 போதுமா?

சாம்பல்மேகம்
சாம்பலுக்குப் போதும், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால். சிறுவர் அளவு தனியாக வாங்குங்கள். கந்தக வாயுவை அது தடுக்காது. ஆஸ்துமாக்காரருக்குக் கொஞ்சம் வாயுவே போதும், மூச்சுக்குழாய் இறுகிவிடும். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். ஊதுவது போதுமா என்று போகுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையில் நீங்கள் தங்கும் பக்கம் சாம்பல் மழை என்று வந்தால், அன்றிரவு ஜன்னலைச் சாத்திவிட்டு அறையிலேயே இருந்துவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ளவும்.