மறு: ஃபோர்ஸ் அவுட் – 'கட்டாய ஆட்டமிழப்பு' சரிதானா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் ஃபோர்ஸ் அவுட்டுக்குக் 'கட்டாய ஆட்டமிழப்பு' என்று போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதைப் படிக்கிறவர், ஆட்டக்காரர் அவுட் ஆகியே தீர வேண்டும் என்றல்லவா நினைப்பார்? கட்டாயம் ஓடுவதற்குத்தான், ஆட்டமிழப்பதற்கு அல்ல. அடுத்த தளத்துக்கு (பேஸ்) பந்துக்கு முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால் அவுட்டே கிடையாது.

ஒரு தளத்தில் ஒருவருக்குத்தான் இடம். முதல் தளத்தில் ஒருவர் நிற்கிறார். மட்டையாளர் பந்தைத் தரையில் உருட்டியடித்துவிட்டு ஓடி வருகிறார். வருகிறவருக்கு வழிவிட்டாக வேண்டும் என்பது விதி. நிற்கிறவருக்கு அந்தக் கணமே தம் தளத்தின் மீதான உரிமை போய்விடுகிறது. 90 அடி தள்ளியிருக்கும் இரண்டாம் தளத்துக்கு அவர் ஓட வேண்டும். அதற்குள் பந்தைக் கையில் வைத்திருக்கும் எதிரணிக்காரர் அந்தத் தளத்தை மிதித்துவிட்டால் போதும், ஆளைத் தொட வேண்டியதில்லை. பின்னால் யாரும் நெருக்காமல் அவராகவே ஓடினால்தான் ஆளைத் தொட்டு அவுட்டாக்க வேண்டும். அதற்குத் 'தொடு ஆட்டமிழப்பு' என்று முன்பு முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. கிளித்தட்டு ஆடியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

'ரன் அவுட்' என்றே வைத்துக்கொள்ளலாமே என்றும் ஒரு கருத்து வந்தது. கிரிக்கெட்டில் பந்தை அடித்துவிட்டுக் கோட்டுக்குள்ளேயே நின்றுகொள்ளலாம். யாரும் ஓடச் சொல்லமாட்டார்கள். பேஸ்பாலில் அந்தச் சலுகை கிடையாது. வேறுபாடே அங்கேதான் இருக்கிறது, அதை மறைக்கும் சொல் நமக்கு எதற்கு?

என் பரிந்துரை: இடமிழப்பு. 'இடமிழந்து ஆட்டமிழந்தார்' என்று வினையாகவும் எழுதலாம். கலைச்சொல் என்றாலே பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம். வர்ணனை எழுத உட்காரும்போதுதான் அது நகராத மாடு என்று தெரிகிறது.

இங்கே டொராண்டோவில், 2025 உலகத் தொடரின் (வட அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டி) கடைசி இரண்டு இரவுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். (தோற்ற எங்கள் ஊர் அணி புளூ ஜேஸின் ரசிகர்கள் மன்னிக்க. நானும் அவர்களில் ஒருவன்.)

நவம்பர் 1, ஏழாம் ஆட்டம். ஒன்பதாம் இன்னிங்ஸின் இறுதிப் பகுதி, 4-4, ஒருவர் அவுட், மூன்று தளங்களிலும் ஆட்கள். புளூ ஜேஸின் வார்ஷோ அடித்த பந்து இரண்டாம் தளம் பக்கம் உருண்டது. எதிரணி டாட்ஜர்ஸின் ரோஹாஸ் அதைத் தடுமாறி எடுத்து, ஓட்டம் நிறைவுபெறும் கடைசித் தளமான ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். டாட்ஜர்ஸின் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) வில் ஸ்மித்தின் கால் பிளேட்டிலிருந்து எழும்பி மறுபடி படிந்தது. மூன்றாம் தளத்திலிருந்து கைனர்-ஃபலேஃபா சறுக்கி வந்ததற்கும் அந்தக் கால் படிந்ததற்கும் இடையே இமைப்பொழுது. காணொளியைப் பார்த்தும் அவுட் என்ற தீர்ப்பு மாறவில்லை. "அவரைத் தொடவே இல்லையே, எப்படி அவுட்?" என்றாள் மகள். 'கட்டாய ஆட்டமிழப்பு' என்று சொல்லியிருந்தால் இன்னொரு கேள்வி வந்திருக்கும். "பின்னால் மூன்று பேரும் நகர்ந்ததால் அவருக்கு மூன்றாம் தளத்தில் இடம் போய்விட்டது" என்றேன். புரிந்துகொண்டாள். டாட்ஜர்ஸ் பதினோராம் இன்னிங்ஸில் 5-4 என்று வென்றது.

அதற்கு முந்தைய இரவு ஆறாம் ஆட்டம் முடிந்த விதம் வேறு. புளூ ஜேஸின் ஹிமெனெஸ் தாழ அடித்த பந்தை இடப்புறக் களத்தில் டாட்ஜர்ஸின் கீக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, இரண்டாம் தளத்துக்கு எறிந்தார். பந்து தரையில் விழும் என்று நம்பி அந்தத் தளத்தை விட்டு விலகி ஓடிய புளூ ஜேஸின் பார்ஜர் திரும்பி வருமுன் பந்து வந்துவிட்டது. இங்கேயும் ஆளைத் தொடவில்லை. ஆனால் இது இடமிழப்பு அன்று! பந்தைப் பிடித்த உடனே மட்டையாளர் அவுட். பின்னாலிருந்து நெருக்க ஆளில்லை. இரண்டாம் தளம் பார்ஜருக்கே உரியது, அவர்தான் அங்கே இல்லை. இதற்கு 'மீளாமை' என்ற தனிச்சொல் வேண்டும். வெறும் சொல் ஆசையில் கேட்கவில்லை. மூன்றாவது அவுட் இடமிழப்பாக இருந்தால், அதற்கு முன் ஹோம் பிளேட்டைத் தொட்டவரின் ஓட்டம் செல்லாது. மீளாமையாக இருந்தால் செல்லும்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து

----

ஐயா, வணக்கம்.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இடமிழப்பு' என்றால் எங்கள் ஊரில் தேர்தல் முடிவு ஞாபகம் வரும். மேலும், நெருக்கடி பாதியில் நீங்குவதும் உண்டே? முதல் தளக் காவலர் அங்கேயே மிதித்து மட்டையாளரை முதலில் அவுட்டாக்கிவிட்டால், முன்னே ஓடுகிறவரைத் தொட்டால்தான் அவுட். அதை உங்கள் சொல்லால் எப்படிச் சொல்வீர்கள்? 'கட்டாயம் நீங்கியது' என்று என் சொல்லில் சுலபமாகச் சொல்லலாம்.

மதுரையிலிருந்து

----

அம்மா, நல்ல கேள்வி. 'இடம் மீண்டது' என்பேன். போன இடம் திரும்பக் கிடைத்தது, இனி தொட்டால்தான் அவுட். உங்கள் சொல்லும் அந்த இடத்தில் இடறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'மீண்டது', 'மீளாமை' இரண்டும் அருகருகே வந்தால் குழப்பும் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே மீளாமையைத் 'திரும்பாமை' என்று மாற்றிக்கொள்கிறேன்.

தேர்தலைப் பொறுத்தவரை, 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். ஜயண்ட்ஸ், கப்ஸ் அணிகள் 1-1 என்று சமநிலையில். இரண்டு அவுட், முதல் தளத்தில் ஜயண்ட்ஸின் 19 வயது ஃபிரெட் மெர்க்கிள், மூன்றாம் தளத்தில் அதே அணியின் மெக்கார்மிக். பிரிட்வெல் அடித்த பந்து வெளிக்களத்துக்குப் போனது, மெக்கார்மிக் ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். வென்றாயிற்று என்று கூட்டம் களத்தில் இறங்கியது. மெர்க்கிள் இரண்டாம் தளத்தை மிதிக்காமலே உடைமாற்றும் அறைப்பக்கம் திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தை வாங்கி இரண்டாம் தளத்தில் நின்றார். மெர்க்கிள் அவுட் என்றார் நடுவர் ஓடே. வெற்றி ஓட்டம் செல்லாமல் போயிற்று. மறு ஆட்டத்தில் வென்று லீக் பட்டத்தை எடுத்துக்கொண்டது கப்ஸ். பிரிட்வெல் அடித்ததுமே மெர்க்கிளுக்கு முதல் தளத்தில் இடமில்லை. இரண்டாம் தளத்தை அவர் மிதிக்கவேயில்லை. தேர்தலில் இடமிழந்தவர்களுக்காவது அடுத்த தேர்தல் வரும்.

மூன்றாவது ஸ்டிரைக்கை (வழக்கமாக மட்டையாளரை அவுட்டாக்கும் பந்து) கேட்சர் பிடிக்கத் தவறினால் மட்டையாளர் ஓடலாம் என்ற விதிக்கு ஒருவரும் இன்னும் சொல் தரவில்லை. 'பிடியிழப்பு' என்று எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். இழப்பில் முடிகிற சொல், ஆனால் ஆள் அவுட் இல்லை.