கிட் ரெரெரே: தவறான மோதல் தீர்வை எப்படி மறக்கவைப்பது?

கேள்வி

கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஒரே கிளையை வாரத்துக்கு இரண்டு முறை ரீபேஸ் செய்கிறேன், அதாவது என் மாற்றங்களை வேறொரு கிளையின் புதிய நிலைமேல் மறுபடி வைக்கிறேன். மூன்று மாதமாக இப்படித்தான். அதே மோதலை (ஒரே இடத்தில் இரு கிளைகளும் வேறுவேறாக மாற்றியிருப்பது) தீர்த்துத் தீர்த்துச் சலித்துப்போய், ஒருமுறை தந்த தீர்வை நினைவில் வைத்துத் தானாகத் திரும்பப் போடும் ரெரெரே வசதியை இயக்கினேன். ஒரு நாள் அவசரத்தில், உரிமம் காலாவதியானதா என்று பார்க்கும் நிபந்தனையை அழித்துவிட்டுத் தீர்வைப் பதிந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ரீபேஸிலும் அந்த நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல்போகிறது. இரண்டு முறை சோதனைகள் பிடித்துக் கொடுத்தன. நினைத்தாலே பதறுகிறது.

60 நாளில் பழைய தீர்வுகள் தாமாக நீங்கும் என்று படித்தேன், இது நீங்கவில்லை. 'கிட் ரெரெரே கிளியர்' கொடுத்தும் பயனில்லை. தீர்வுகள் சேமிக்கப்படும் ஆர்ஆர்-கேஷ் கோப்புறையையே அழித்துவிடலாமா? நூற்றுக்கு மேல் நல்ல தீர்வுகள் அதில் இருக்கின்றன, இழக்க மனமில்லை.

பதில் 1

தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்த 60 நாள், தீர்வு கடைசியாகப் பயன்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் ரீபேஸ் செய்யும்போதெல்லாம் போஸ்ட்இமேஜ் கோப்பின் (தீர்த்த பிறகான உரை) நேரம் புதுப்பிக்கப்படுகிறது. அதாவது தவறான தீர்வுக்கு நீங்களே வாரம் இருமுறை ஆயுள் கூட்டுகிறீர்கள். (தீர்க்காமல் விட்ட மோதல்களுக்குத்தான் 15 நாள்.) கிளியர் கட்டளை நடப்பு இணைப்பைக் கைவிடுவதற்கானது, பதிவான தீர்வைத் தொடாது.

அடுத்த ரீபேஸ் அந்த மோதலில் நிற்கும். அப்போதே 'கிட் ரெரெரே ஃபர்கெட்' என்று கோப்பின் பெயருடன் கொடுங்கள். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: உங்கள் கோப்பில் தவறான உரை அப்படியே கிடக்கும். 'கிட் செக்அவுட் --மெர்ஜ்' என்று அதே கோப்பின் பெயருடன் கொடுத்தால் மோதல் குறிகள் திரும்பி வரும். சரியாகத் தீர்த்து, 'கிட் ஆட்' கொடுத்து, ரீபேஸைத் தொடருங்கள். புதிய தீர்வு பதிவாகிவிடும்.

பதில் 2

ரீபேஸ் வரை காத்திருக்க வேண்டாமென்றால், ஆர்ஆர்-கேஷுக்குள் அந்த நிபந்தனையின் சொற்களை கிரெப்பில் (கோப்புகளுக்குள் உரை தேடும் கட்டளை) தேடுங்கள். ப்ரீஇமேஜில் (தீர்ப்பதற்கு முந்தைய உரை) அந்தச் சொற்கள் இருக்க, போஸ்ட்இமேஜில் இல்லாத உள்கோப்புறை எதுவோ, அதை மட்டும் நீக்கினால் போதும்.

முழுக் கோப்புறையையும் நீக்குவதில் இன்னோர் ஆபத்து: ரெரெரே.எனேபிள்ட் அமைப்பை நீங்கள் எழுதிவைக்காவிட்டால், அந்தக் கோப்புறை இருப்பதைப் பார்த்துத்தான் வசதியே இயங்குகிறது. அது போனால் இதுவும் நின்றுவிடும்.

ரெரெரே.ஆட்டோஅப்டேட்டையும் அணைத்துவையுங்கள். அது இயங்கினால் பழைய தீர்வு இன்டெக்ஸில் (அடுத்துப் பதியவிருக்கும் மாற்றங்களின் பட்டியல்) தானாக ஏறிவிடும், பார்க்கவே தோன்றாது. என் கருத்தில் இந்த வசதியில் மிக ஆபத்தான அமைப்பு அதுதான்.

கேள்வி கேட்டவர்

ஆட்டோஅப்டேட் என்னிடம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது! அணைத்துவிட்டேன். ஃபர்கெட் வேலை செய்தது. இன்று காலை மறுபடி ரீபேஸ் செய்தேன். நிபந்தனை அதன் இடத்தில் இருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.