பொருள்: ‘மோன்கோ’வுக்குத் தமிழ்ச்சொல் (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.
வீட்டில் ஜப்பானிய நறும்புகை பழக விரும்புவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘மோன்கோ’வில் வந்து நிற்கிறது. கிண்ணத்துச் சாம்பலில் தணலைப் புதைத்து, மேலே காக்காப்பொன் (மைக்கா) தகடு வைத்து, அதில் நகக்கண் அளவு அகில் சீவல் வைப்பார்கள். சீவல் எரியாது, சூட்டில் மணம் மட்டும் எழும். கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கையைக் குவித்து மூடி, இடுக்கில் மூச்சிழுப்பார்கள். நேர்ப்பொருள் ‘மணத்தைக் கேட்பது’. ‘மணம் கேட்டல்’ எனலாமா?
– மீ.

அம்மா, வேண்டாம். பெண் கேட்க வந்ததாகப் படிப்பார்கள். ‘கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்’ (குறள் 1101): மூக்கின் வினை அங்கே உயிர்த்தல். ‘மணவுயிர்ப்பு’ என்க. இன்னொன்று: ‘மோன்’, முகர்தலைக் குறிக்கும் நம் ‘மோ’தான். ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ நினைவுக்கு வரவில்லையா?
– பு.

ஐயா, அந்த ‘மோன்’ சீனத்திலிருந்து போன ஒலிப்பு. சீனத்தில் அதே எழுத்துக்குக் கேட்டல், முகர்தல் இரண்டுமே பொருள். ‘மோ’வோடு உறவில்லை. உயிர்ப்பு என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் மூச்சு என்றுதான் எழுதுவார்கள். ‘மணம் முகர்தல்’ போதும். கையேட்டில் குச்சியைப் பற்றியும் சொல்லுங்கள், மீ. நம் ஊதுவத்தி போல உள்ளே மூங்கில் இல்லை, சட்டென்று ஒடியும். பாதி ஒடித்துச் சாம்பலில் நட்டாலே சின்ன அறைக்குத் தாராளம். அணைந்தபின் வெளியே போய்த் திரும்பி வரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.
– தா.

சொல்லில் உறவில்லாமல் இருக்கலாம், சரக்கில் இருக்கிறது. ஜப்பானில் அகில் மரம் இல்லை. 595இல் அவாஜித் தீவில் கட்டையொன்று கரையொதுங்கியதாக அவர்கள் பழைய வரலாறு சொல்கிறது. வந்த கட்டைகளை ஊர்ப்பெயரால் வகுத்தார்கள். ‘சுமொதாரா’ சுமத்ராவின் பெயர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் அருமணவன், தக்கோலி, கிடாரவன் என்றுதானே அகிலை வகுக்கிறார்! கிடாரம் இன்றைய கெடா. ஒரே கடல்வழிச் சரக்கு. நெடுநல்வாடை ‘இருங்காழ் அகிலொடு’ புகைத்த மொழிக்கு ‘முகர்தல்’ என்ற வெறுஞ்சொல்தானா?
– பு.

அகில் இருக்கட்டும் ஐயா, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘மணம் முகர்த’லுக்கே ஆதரவு அதிகம். முதல் இடத்தில் மட்டும் ‘மோன்கோ’ என்று சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.
– மீ.

அனுப்புங்கள், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பூவையும் முகர்கிறோம். ஜப்பானியர்களோ ‘கென்ஜிகோ’ ஆட்டத்தில் ஐந்து கிண்ணங்களைச் சுற்றுக்கு விட்டு, எவை ஒரே கட்டை, எவை வேறு என்று பிரித்தறிகிறார்கள். விடைக்கோலங்கள் மட்டும் 52. அதற்கு ‘தேர்தல்’ என்ற வினை வேண்டும். அடுத்த பதிப்பில் ‘மணந்தேர்தல்’ என்று மாற்றுங்கள்.
– செ.