புளோரிடாவில் புங்கம்: புதுப்பிப்பு

கைவிடப்பட்ட ஆரஞ்சுத் தோட்டங்களில் புளோரிடாக்காரர்கள் நம்ம ஊர் புங்க மரம் நடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு தவறு: எண்ணெய் எடுத்த புண்ணாக்கை மாட்டுக்கு அப்படியே போடலாம் என்று சொல்லிவிட்டேன். கூடாது. கரஞ்சின் என்ற கசப்புப் பொருளை நீக்கியாக வேண்டும். நம் ஊரில் அந்தப் புண்ணாக்கு வயலுக்கு எருவாகப் போனதற்குக் காரணமே அந்தக் கசப்புதான்!

"ஆரஞ்சை ஏன் விட்டார்கள்?" என்று சிலர் கேட்டார்கள். 2005இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பச்சையாதல் நோய்தான். ஒரு சின்னப் பூச்சி பரப்பும் பாக்டீரியா. நோய் பிடித்த மரத்துக்கு மருந்து கொடுத்துக் குணமாக்க முடிவதில்லை. 2003-04 பருவத்தில் சுமார் 24 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2024-25இல் 1.2 கோடிதான். புயல்களுக்கும் வீட்டுமனைகளுக்கும் இதில் பங்குண்டு.

சரி, புங்கம் ஏன்? அவரைக் குடும்பம், தழைச்சத்தை வேர் முடிச்சுகளே தேடிக்கொள்ளும். பூச்சிமருந்துச் செலவு குறைவு. கொட்டை மரங்களை உலுக்கும் இயந்திரத்தாலேயே காயை உதிர்க்கலாம்.

விதை போட்டு வளர்த்தால் மட்டும் ஏமாற்றம். பக்கத்து மரம் காய்த்துத் தள்ளும், இது சும்மா நிற்கும். அதனால் டெர்விவா என்ற கலிஃபோர்னிய நிறுவனம் நன்றாகக் காய்க்கும் மரங்களைத் தேர்ந்து ஒட்டுக்கன்றாகத் தருகிறது. அப்படியும் காய்ப்புக்கு வர நாலைந்து வருடம். கடனில் இருக்கும் விவசாயி அதுவரை என்ன செய்வார் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.