இஸ்திரி எப்போது போடுவது?

மிச்சத் துணிகளை வைத்து முதல்முறையாக ஒரு க்வில்ட் (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். இரண்டரை இஞ்ச் சதுரம், வரிசைக்கு மூன்றாக மொத்தம் ஒன்பது, ஓரத்தில் கால் இஞ்ச் விட்டுத் தையல். ஒன்பதும் சேர்ந்து ஆறரை இஞ்ச் கட்டம் வர வேண்டும், எனக்கு ஆறேகால்தான் வருகிறது. ஒவ்வொரு தையலுக்கும் எழுந்துபோகச் சோம்பல்பட்டு, எல்லாம் தைத்து முடித்த பிறகு மொத்தமாக இஸ்திரி போட்டேன், அதற்குள் உள்பக்க மடிப்பு ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக மாட்டிக்கொண்டு, நான்கு மூலை சேரும் இடம் கடலைப் பருப்பு மாதிரி புடைத்து நிற்கிறது. பெட்டியை அழுத்தி எடுக்காமல் இழுத்துத் தேய்த்ததில் ஓரம் வேறு வளைந்துவிட்டது (நீராவியும் விட்டேன், தப்புதான்).

வரிசைக்கு வரிசை மடிப்பை எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால் மூலை சரியாக உட்காரும், அது புரிகிறது. சரி, அப்படியென்றால் வரிசைகளை இணைப்பதற்கு முன் ஒருமுறை போட்டால் போதுமா, இல்லை ஒவ்வொரு தையலுக்கும் போட்டே ஆக வேண்டுமா? அதுவரை நகத்தால் கீறி மடித்து வைத்தால் தாங்குமா? இன்னும் பதினொரு கட்டம் பாக்கி.