கொடைக்கு வருகிறவர்கள் எங்கே இறங்குவது?

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் கோவில் கொடைத் திருவிழா ஆடிக் கடைசிச் செவ்வாய், அதாவது 2026 ஆகஸ்ட் 11 என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. பந்தல்கால் நடும் கால்நாட்டு அதற்கு முந்தைய செவ்வாய். செய்தி வந்த அன்றைக்கே டல்லாஸ் மருமகப்பிள்ளை ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சென்னையில் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் தூத்துக்குடி விமானத்தைப் பிடித்துவிடலாமா என்று. தாராளமாகப் பிடிக்கலாம், பெட்டிகளைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தால்! மற்றவர்களும் இதையேதான் ஆளுக்கொரு விதமாகக் கேட்கப்போகிறீர்கள் என்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் நம் நாட்டில் முதலில் எங்கே கால் வைக்கிறாரோ, அங்கேதான் பாஸ்போர்ட் சோதனையும் சுங்கச் சோதனையும். பெட்டியில் தூத்துக்குடி என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் சென்னையில் அதை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைத்தாக வேண்டும். பிறகு உள்நாட்டு முனையத்துக்கு நடை, அங்கே இன்னொரு முறை பாதுகாப்பு வரிசை. நள்ளிரவிலிருந்து விடியும் வரை பெரிய விமானங்களாக அடுத்தடுத்து இறங்கும் வேளையில் பாஸ்போர்ட் வரிசை எப்படி ஊர்ந்து நகரும் என்பது உங்களுக்கே தெரியும். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைக்குழந்தையோ முட்டுவலிக்கார ஆச்சியோ கூட வந்தால் ஆறு மணி நேரம்.

இதைவிட முக்கியம், சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுக்காதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் உங்கள் பணம் காற்றோடு போயிற்று. மூட்டை விவகாரமும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பெரும்பாலும் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டு வரலாம். தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோ, கையில் 7 கிலோ. மிச்சத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கறந்துவிடுவார்கள். முன்னூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு மூவாயிரம் தண்டம் கட்டுகிற கணக்கு நமக்கு வேண்டாம்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. 2025 ஜூலை 26 அன்று புது முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். திருநெல்வேலிக்கு அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நான்குவழிச் சாலை. வல்லநாட்டுப் பாலத்தில் மட்டும் வேலை நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டிய நாளிலிருந்து பழுதாவதே அந்தப் பாலத்துக்கு வழக்கம். ஆனால் நான் எழுதும் இந்த நேரம் வரை வாகைக்குளத்தில் உள்நாட்டு விமானங்கள்தான். சென்னையிலிருந்து காற்றாடி விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மேலே பெட்டி வைக்கும் இடம் சிறியது. பெரிய விமானத்தில் இடித்துத் தள்ளி நுழைத்த உருளைப்பெட்டி இதில் நுழையாது. ஏறுவதும் இறங்குவதும் வால்பக்கத்துக் கதவு வழியாக. முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊர் நம்முடையது, இறங்கும்போது சற்றே குலுக்கும். குழந்தைகளுக்குச் சென்னையில் பொங்கலும் வடையுமாக வயிற்றை நிரப்பி ஏற்ற வேண்டாம்.

இனி வளைகுடாக்காரர்கள். நமக்குத் திருவனந்தபுரம்தான் சரி. மஸ்கட், தோகா, துபாய், குவைத் எங்கிருந்தும் நேரே வந்து இறங்கலாம். சுங்கம், பெட்டி எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு நம் வேன், நம் ஆள். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை சாலை நெருக்கடியானது, பொறுமை வேண்டும். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அடித்ததும் பாதிக் களைப்பு போய்விடும். நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் தென்மலை, ஆரியங்காவு வழியாக வரலாம் என்பார்கள். ஆடி மாதத்தில் மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டால் அது சுருக்குவழி இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அதே ஆகஸ்ட் 26 அன்று திருவோணம். மலையாளிகள் மொத்தமாக ஊர் திரும்பும் மாதம். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் திருவனந்தபுரம் டிக்கெட் விலை தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கடையில்தான், விமானத்தில் இல்லை. பங்குனி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள்.

மருமகப்பிள்ளைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டல்லாஸிலிருந்து தோகா, தோகாவிலிருந்து திருவனந்தபுரம் என்று ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கும். சென்னையைத் தொடவே வேண்டாம். வீட்டில் இருப்பவர் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அதைக் கொடை முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெல்போர்ன், சிட்னி, லண்டன் சொந்தங்கள் கொழும்பு வழியாக மதுரையைப் பாருங்கள். மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் நகருக்குள் நுழையாமல் கப்பலூர் சுற்றுச்சாலையைப் பிடித்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று நேரே வந்துவிடலாம். மூன்று மணி நேரத்துக்குள் நெல்லை. சிங்கப்பூர், மலேசியா என்றால் திருச்சிக்கு நிறைய விமானம், ஆனால் அதன்பின் சாலையில் ஐந்து மணி நேரம். எனக்கு அது பிடிக்காது, உங்கள் இடுப்பு, உங்கள் முடிவு.

சென்னையில் வேலை இருப்பவர்களுக்கு வந்தே பாரத் எழும்பூரிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் நெல்லையில் இறக்கிவிடுகிறது. இப்போது 60 நாள் முன்பதிவுதான். ஆகஸ்ட் 9 பயணத்துக்கு ஜூன் 10 காலை எட்டு மணிக்குத் திறக்கும். எட்டு ஐந்துக்குப் பார்த்தால் காத்திருப்புப் பட்டியல். திரும்பும் கூட்டம் இன்னும் மோசம்: 15-ஆம் தேதி சுதந்திர தினம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு.

எப்போது வந்து சேர்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறீர்கள். செவ்வாய் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு வந்தால் போதும் என்று திங்கள் இரவு விமானத்தைப் பிடிக்கிறீர்கள். வில்லுப்பாட்டு தொடங்குவது, மாக்காப்பு, குடியழைப்பு என்று முந்தைய சடங்குகள் எல்லாம் முடிந்து, கண்ணெல்லாம் சிவக்கத் தூங்கி வழிந்துகொண்டு வந்து நின்றால் சாமியாடி திருநீறு கொடுக்கும்போதுகூட உங்களுக்கு விழிப்பிருக்காது. ஞாயிறு மாலைக்குள் ஊருக்குள் இருங்கள். கொடைக்கு மறுநாள் 12-ஆம் தேதி புதன்கிழமை ஆடி அமாவாசை என்பதையும் கவனியுங்கள். சொரிமுத்து அய்யனாருக்குக் காரையாறு போகிற கூட்டத்தால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே அம்பாசமுத்திரம், பாபநாசம் சாலை திணறும். கொடை முடிந்த கையோடு புதன்கிழமை விமானம் எடுத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது.

திரும்பும் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொப்பரையை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள், எண்ணெய்ப்பசையால் தானே தீப்பற்றக்கூடியது என்று அதற்குத் தடை. வாகைக்குளத்தில் பார்த்த காட்சி ஒன்று. ஒரு மதினி தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து போட்டிருந்தார். சேலைகளுக்கு நடுவே தினத்தாளில் சுற்றிய உடன்குடிக் கருப்பட்டி, வடகம், நார்த்தங்காய், அதன் அடியில் ஒரு பை நிறையக் கொப்பரை. “பிள்ளைக்குச் சட்னி அரைக்க வேண்டாமா?” என்று பாதுகாப்புக்காரரிடம் நியாயம் கேட்டார். அவரும் நம் பக்கத்துப் பையன்தான்போலும், தலையைச் சொறிந்தாரே தவிரக் கொப்பரையைக் கொடுக்கவில்லை.

பவர் பேங்க் கையில்தான், பெட்டிக்குள் கூடாது. ஊறுகாயும் எண்ணெயும் நெய்யும் அதற்கு நேர்மாறு. அல்வாவைக் கடைக் காகிதப் பொட்டலத்தோடு வைத்தால் வெயிலில் நெய் கசிந்து சேலையெல்லாம் நாசம். மூடி இறுகும் டப்பாவில் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை ஒன்று. ஆஸ்திரேலியா போகிறவர்கள் தின்பண்டம் எதுவானாலும் சீட்டில் எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்து மாட்டினால் அபராதம்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தலைக்கட்டு வரி வழக்கம்போல் கோவில் கணக்கர் கையில் சேரட்டும். அதைப் பற்றி இங்கே பேசி இன்னொரு சண்டை வேண்டாம்.

வேன் பேசும் பொறுப்பு என்னுடையது. எந்த விமான நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை பெட்டி, முதியவர்கள் எத்தனை பேர் என்று டிக்கெட் எடுத்ததும் எழுதுங்கள். ஒரே நாளில் திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்பின்னாக இருந்தாலும் ஒரே வேன்தான், முதலில் வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். குவைத் அண்ணாச்சி மட்டும் போன தடவை மாதிரி தனி வண்டி கேட்கக் கூடாது.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் சித்தப்பா